தத்தெடுத்து நான்கு நாள்: எலிக்கு மூக்கிலும் கண்ணிலும் சிவப்பாக வருகிறது, உதவுங்கள்

முல்லைக்கொடி | ஏப்ரல் 7, இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்ததோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் பதற்றத்தில் இருக்கிறேன், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழியின் தங்கை விடுதி அறையில் ஓர் எலி வளர்த்துவந்தாள். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வீட்டில் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார்கள். வாங்கிய கடையிலேயே திருப்பி விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மனசு வரவில்லை. போன வியாழக்கிழமை கூண்டோடு எங்கள் வீட்டுக்கு (தாம்பரம் பக்கம்) கொண்டுவந்துவிட்டேன். ஒன்பது மாதப் பெண் எலி. தலையும் தோளும் கருப்பு, முதுகில் வால் வரை ஒரு கருப்புக் கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. பெயர் பொரி. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 212 கிராம்.

வந்த அன்றே தும்மல் இருந்தது. இடம் மாறியதால் என்று நினைத்தேன். இன்று காலை பார்த்தால் மூக்கைச் சுற்றி ரத்தம் காய்ந்தது போல் சிவப்பு. இடது கண்ணின் ஓரத்திலும் அதே சிவப்பு. கழுத்திலும் தோளிலும் முடி உதிர்ந்து சின்னச் சின்னப் பொருக்கு. பின்னங்கால் ஒன்றின் அடியில் துவரம்பருப்பு அளவுக்குச் சிவந்த வீக்கம். அதன் கூண்டு கிளிக்கூண்டுதான். அடியில் கம்பி வலை, கம்பிக்குக் கீழே தச்சுப் பட்டறை மரத்தூள்.

பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்போம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மா வேறு ரத்தம் ரத்தம் என்று பயப்படுகிறார்கள். இது ரத்தமா? தம்பி மகனுக்கு வாங்கிய சளி சிரப் இருக்கிறது, ஒரு சொட்டு கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வால்நீளம் | ஏப்ரல் 7, இரவு 11.15

சிரப் வேண்டாம். முதலில் அந்தப் பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நான் கோவையில் இருக்கிறேன். ஒன்பது வருடத்தில் பதினொரு எலிகள் வளர்த்திருக்கிறேன், பதினொன்றும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தச் சிவப்பைக் காட்டியிருக்கின்றன. அது பெரும்பாலும் ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. கண்ணை ஈரமாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பசையோடு போர்ஃபைரின் என்ற சிவப்பு நிறமியும் அதிலிருந்து வரும். நல்ல நிலையில் இருக்கிற எலி முகத்தைக் கழுவிக் கழுவி அதைத் துடைத்துவிடும். நோய், வலி, பயம், புது இடம், இதில் எது இருந்தாலும் அதிகமாகச் சுரக்கும், துடைக்கவும் தெம்பு இருக்காது. அதனால் காய்ந்து ரத்தம் போலவே தெரியும். சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆனால் அது ஒரு சேதி சொல்கிறது, அதைக் கேட்க வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. மளிகைக்கடையில் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, ஈரப்பஞ்சால் அந்தச் சிவப்பை ஒற்றி எடுத்துப்போய் அதன் கீழே காட்டுங்கள். போர்ஃபைரின் என்றால் இளஞ்சிவப்பாக ஒளிரும். ரத்தம் ஒளிராது, கருப்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று. வீடு அமைதியாக இருக்கும்போது பொரியைக் கையில் எடுத்து, அதன் விலாவை உங்கள் காதோடு சேர்த்து வைத்துக் கேளுங்கள், தொலைபேசி வைப்பது போல. நல்ல நுரையீரலில் ஒன்றுமே கேட்காது. என்ன கேட்டது என்று எழுதுங்கள். தூங்கும்போது விலா எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 70 முதல் 115 வரை இருந்தால் சரி.

அந்தக் கம்பித் தரையை இன்றைக்கே மூடிவிடுங்கள். மேலே பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டால் போதும். மரத்தூளை வாரி வெளியே கொட்டுங்கள். தூசியும் சிறுநீர் நெடியும் மூக்கையும் நெஞ்சையும் அரித்துக்கொண்டே இருக்கும். மர வாசனையே ஆகாத எலிகளும் உண்டு, தேவதாரு, பைன் தூள் என்றால் இன்னும் மோசம்.

முல்லைக்கொடி | ஏப்ரல் 8, மாலை 6.20

அக்கா, ராத்திரியே வேட்டி போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு மூலையை இழுத்துச் சுருட்டி அதற்குள் தூங்குகிறது. இவ்வளவு நாள் கம்பியிலேயே படுத்திருந்திருக்கிறது, நினைத்தாலே தாங்கவில்லை.

பஞ்சை எடுத்துக்கொண்டு தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவரே விளக்கைப் போட்டார். கல்லாப்பெட்டி இருட்டில் பஞ்சு பளிச்சென்று ரோஸ் நிறத்தில் மின்னியது. அவர் தன் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவுக்கும் படம் எடுத்துக்கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அவர்கள் முகம் தெளிந்தது.

ஆனால் காதில் வைத்துக் கேட்டது நன்றாக இல்லை. அடுத்த அறையில் யாரோ அப்பளம் பொரிப்பது போல மெல்லிய படபடப்பு. வலது பக்கம் அதிகம். தூங்கும்போது எண்ணினேன், 138. இரண்டாம் தடவை 142.

இன்னொரு கேள்வி, அதன் முன்பல் நல்ல மஞ்சளாக, கிட்டத்தட்ட ஆரஞ்சாக இருக்கிறது. அதுவும் நோயா?

வால்நீளம் | ஏப்ரல் 8, மாலை 6.51

பல் அப்படித்தான் இருக்க வேண்டும். எலியின் முன்பல் பூச்சில் இரும்புச் சத்து கலந்திருக்கும், அதனால்தான் அந்த நிறம். வெள்ளையாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மூச்சு 140 என்பதும் படபடப்புச் சத்தமும் காத்திருக்கிற விஷயம் இல்லை. நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். @ஈரமண், தம்பி, கொஞ்சம் வாருங்கள்.

ஈரமண் | ஏப்ரல் 8, இரவு 9.05

வணக்கம் அக்கா. கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன், இன்னும் மருத்துவர் ஆகவில்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சொல்வதைப் பார்த்தால் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமியாக இருக்கலாம். வளர்ப்பு எலிகளில் அநேகமாக எல்லாவற்றிடமும் இது இருக்கும். தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். பலவற்றுக்குப் பல மாதம் ஒன்றும் தெரியாது. அழுக்குக் கூண்டு, சிறுநீரின் அமோனியா நெடி, மனக்கலக்கம், வேறு சளிக் கிருமி என்று ஏதாவது சேர்ந்தால் நெஞ்சில் இறங்கும். உடம்பைவிட்டு அதை முழுதாக விரட்டுகிற மருந்து கிடையாது. அடக்கி வைக்கலாம், அப்படி அடக்கி வைத்து எலி தன் இரண்டு, இரண்டரை வருடத்தை நன்றாகவே வாழலாம். இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தும்மலுக்கும் தோற்றுவிட்டதாக நினைப்பீர்கள்.

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவரைத்தான் தாக்கும், அதனால் வீட்டில் மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலினைக் கொடுத்தால் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்ஸசின் இரண்டில் ஒன்றோ, சேர்த்தோ, மூன்று வாரம் போலக் கொடுப்பது வழக்கம். அளவை இங்கே எழுத மாட்டேன், எடை பார்த்து மருத்துவர் எழுத வேண்டும். மனிதர் சாப்பிடுகிற 100 மில்லிகிராம் மாத்திரையைக் கத்தியால் வெட்டி 200 கிராம் உயிருக்குச் சரியாகப் பங்கு போட முடியாது. திரவமாகக் கலந்து கேளுங்கள்.

கழுத்துப் பொருக்கு உண்ணிப்பூச்சியாக இருக்கலாம். இதில்தான் எனக்கு அதிகப் பயம். ஆடு மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் 1% ஊசிமருந்து மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும், ஒரு சொட்டு தடவச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அதில் ஒரு மி.லி.க்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. பொரியின் எடைக்கு ஒரு சொட்டே பல மடங்கு அதிகம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மருந்து அளக்க இன்சுலின் சிரிஞ்ச் வாங்குவதானால் அதில் யூ-40 என்று இருக்கிறதா, யூ-100 என்று இருக்கிறதா பாருங்கள். யூ-40-இல் 40 கோடு ஒரு மி.லி. யூ-100-இல் 100 கோடு ஒரு மி.லி. 0.1 மி.லி. என்று எழுதிக்கொடுத்தால் ஒன்றில் 4 கோடு, மற்றதில் 10 கோடு. இந்தக் குழப்பத்தில் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மி.லி. கோடு போட்ட ஒரு மி.லி. சிரிஞ்சாகவே கேட்டு வாங்கி, ஊசியைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அல்லது முயல், கிளி பார்க்கிற மருத்துவர் யாராக இருந்தாலும் கேளுங்கள். முயல் பார்ப்பவர் பெரும்பாலும் எலியையும் பார்ப்பார்.

புளியமரம் | ஏப்ரல் 8, இரவு 9.48

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் போன மழைக்காலத்தில் ஒருவருக்கு எலிக்காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோய் பிடித்த எலியை வீட்டுக்குள் வைத்துக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொல்கிறார்களே, எனக்குப் பக்கென்றது.

வால்நீளம் | ஏப்ரல் 8, இரவு 10.10

அண்ணா கேட்டது நியாயமான கேள்வி, இதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது.

பொரிக்கு இருக்கிற மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் எலிகளின் நோய், மனிதர்களுக்கு வருகிற நிமோனியாக் கிருமி வேறு. எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், சிறுநீர் வழியாகப் பரவுவது. சாக்கடையில் திரிகிற எலிகளும், அவற்றின் சிறுநீர் கலந்த மழைத் தண்ணீரும்தான் அதற்கு முக்கியக் காரணம். கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளர்ந்த எலியிடம் ஆபத்து குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எலிக்கடிக் காய்ச்சல் என்று இன்னொன்றும் உண்டு, அது நல்ல எலியின் வாயிலேயே இருக்கிற கிருமியால் வருவது.

அதனால் கூண்டைக் கழுவும்போது கையுறை. தொட்ட பிறகு சோப்பு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தூக்க வேண்டாம். முகத்தோடு முத்தமிட வேண்டாம். குழந்தையைப் பக்கத்தில் பெரியவர் இல்லாமல் விட வேண்டாம். கூண்டு, தீனி டப்பா எதையும் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். எடை பார்க்கத் தனித் தராசு வாங்கிக்கொள்ளுங்கள் முல்லை. வெளி எலி உள்ளே வராமல் ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கடித்து மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் எலி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

புளியமரம் | ஏப்ரல் 8, இரவு 10.22

சரிம்மா. இவ்வளவு கவனம் இருந்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையார் வாகனம், நல்லபடியாகட்டும்.

வடகரை | ஏப்ரல் 9, காலை 5.30

வணக்கம் தங்கச்சி. நான் லண்டன் ஹரோவில் இருக்கிறன், சொந்த இடம் வவுனியா. மகளுக்காக எலி வளர்க்கத் தொடங்கி இப்ப எனக்குத்தான் அதுகளை விட்டால் சரிவராது. இங்க எலி வளர்ப்புக்கென்றே 1976-இல் தொடங்கின சங்கம் ஒன்று இருக்குது, அதால் கேட்டுப் பழக ஆட்கள் உண்டு. அங்க நீங்கள் தனியாக நிண்டு செய்யிறீங்கள், அதுதான் எழுதுவம் எண்டு வந்தனான்.

பயணத்துக்குச் சின்னப் பெட்டிதான் நல்லது, பெரிய கூண்டில் கொண்டுபோனால் தடுமாறும். அது படுத்த துணியையே உள்ளே போடுங்கோ, தன் மணம் இருந்தால் பயப்படாது. தண்ணீர்ப் போத்தல் ஆடி ஒழுகும், அதுக்குப் பதிலாக வெள்ளரிக்காய்த் துண்டு வையுங்கோ. அதோட, எலி வாந்தி எடுக்காது, அதன் உடம்பு அப்படி. எடுக்காதபடியால் வெறும் வயிற்றோட கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. வெயிலுக்கு முன் கெதியாகக் கிளம்புங்கோ.

முல்லைக்கொடி | ஏப்ரல் 9, இரவு 8.30

போய்வந்துவிட்டோம். காலை ஏழு மணி மின்சார ரயிலில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோவில் வேப்பேரி. மடியில் பெட்டி. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னம்மா அதில் என்று கேட்டார்கள். சொன்னேன். முந்தானையை எடுத்துப் பெட்டிமேல் விழுந்த வெயிலை மறைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்கள், எழும்பூரில் நான் இறங்கும்வரை.

மருத்துவர் பொரியைத் துண்டில் சுற்றிப் பிடித்துச் சின்ன ஸ்டெதஸ்கோப்பால் கேட்டார். வலது நுரையீரலில் சத்தம் இருக்கிறதாம். எடை 208, இங்கே வந்தபிறகே நாலு கிராம் குறைந்திருக்கிறது. பொருக்கை ஒட்டும் நாடாவில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார், உண்ணிதான். அதற்குப் பிடரியில் ஒரு சொட்டு மருந்தை அவரே அளந்து விட்டார், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. பின்னங்கால் நகத்தையும் நுனி மட்டும் வெட்டினார், சொறிந்து புண்ணாக்காமல் இருக்க. நெஞ்சுக்கு இரண்டு மருந்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று வாரம். காலுக்கு நீர்த்த பெட்டாடினில் ஒற்றி எடுத்து, மெத்தென்ற தரை. கம்பியில் நின்று நின்று வந்ததுதானாம்.

இப்போது பிரச்சினை மருந்து உள்ளே போவதுதான். சிரிஞ்சைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறது.

வால்நீளம் | ஏப்ரல் 9, இரவு 9.02

பிடித்து ஊட்டாதீர்கள். ஒரு தடவை மல்லுக்கட்டினால் மூன்று வாரமும் அப்படியே போகும். மூச்சுக்குத் திணறுகிற எலியை மல்லாத்திப் பிடித்தால் மருந்து நெஞ்சுக்குள் போகிற ஆபத்தும் உண்டு.

இரண்டு நாள் வெறும் பழைய சிரிஞ்சில் மசித்த வாழைப்பழத்தை வைத்து நீட்டுங்கள். அதுவே ஓடிவந்து நக்கும். அப்புறம் மருந்தைக் கடுகளவு பழத்தில் கலந்து கொடுங்கள். அந்த இரண்டு நாளும் மருந்தை விடக் கூடாது, ஒரு கரண்டி நுனியில் பழத்தோடு குழைத்து வையுங்கள். அளவு சின்னதாக இருக்க வேண்டும். பெரிய உருண்டையாகக் கொடுத்தால் பாதியைத் தின்று மீதியைக் கூண்டில் ஒளித்துவைத்துவிடும்.

முல்லைக்கொடி | ஏப்ரல் 14, காலை 9.15

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நான் ஒரு தப்பு செய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. வாழைப்பழம் இரண்டு நாளில் அதற்குச் சலித்துவிட்டது. அப்புறம் தம்பி மகனின் பால் கலந்த குழந்தை உணவில் கலந்து கொடுத்தேன், ஆசையாகத் தின்றது. நேற்று ராகிக் கஞ்சி. மருந்து முழுவதும் உள்ளே போகிறது. ஆனால் ஐந்து நாளாகியும் மூச்சுச் சத்தம் அப்படியே இருக்கிறது, 134.

ஈரமண் | ஏப்ரல் 14, காலை 9.40

பாலை இன்றோடு நிறுத்துங்கள். டாக்ஸிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். என்ரோஃப்ளாக்ஸசினுக்கும் இதே தொல்லை உண்டு. பால், தயிர், பன்னீர் மட்டுமல்ல, ராகியிலும் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இவை வேண்டாம். வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி, ஆப்பிள் கூழ் இவற்றில் கலக்கலாம். சர்க்கரைவள்ளியைப் பச்சையாக மட்டும் கொடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் போன் செய்து எத்தனை வேளை இப்படிப் போனது என்று சொல்லிவிடுங்கள், அவர் நாளைக் கூட்டிக் கொடுப்பார். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை அக்கா, மருந்துச் சீட்டில் யாரும் இதை எழுதித் தருவதில்லை. எனக்கே முன்னாடி எழுதத் தோன்றவில்லை, மன்னிக்கவும்.

முல்லைக்கொடி | ஏப்ரல் 22, இரவு 9.50

சர்க்கரைவள்ளி வேலை செய்கிறது! மூச்சு 104. காதில் வைத்தால் வலது பக்கம் மட்டும் எப்போதாவது ஒரு கிறுக்கல் சத்தம், இடது பக்கம் முழு அமைதி. எடை 226. பொருக்கு உதிர்ந்து புது முடி முளைக்கிறது. கால் வீக்கம் மிளகளவுக்கு வற்றிவிட்டது.

நேற்று ஒரு பயம். மடியில் வைத்து நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். பற்களை நறநறவென்று அரைக்க ஆரம்பித்தது, கூடவே இரண்டு கண்ணும் வெளியே வந்து வந்து உள்ளே போனது போல் துடித்தது. வலிப்போ என்று கத்திவிட்டேன், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்கள். என்ன அது?

வடகரை | ஏப்ரல் 22, இரவு 10.15

தங்கச்சி, அது சந்தோசம். பல்லை அரைக்கேக்க அசையிற தாடைத் தசையின் ஒரு பகுதி கண்ணுக்குப் பின்னால போகுது, அதுதான் கண்ணைத் தள்ளித் தள்ளி விடுறது. உடம்பைத் தளர விட்டுக்கொண்டு அரைச்சால் சுகமாக இருக்குது எண்டு அர்த்தம். குறுகி உட்கார்ந்து, முடி சிலிர்த்து, தீனியும் தொடாமல் அரைச்சால்தான் வலி.

அதுகள் சிரிக்கிறதும் உண்டு. அமெரிக்காவில் யாக் பாங்க்செப் எண்ட விஞ்ஞானி 1990-களில் எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தவர். 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுதுகள், எங்கட காதுக்கு எட்டாத சத்தம். கையை எடுத்தால் திரும்பத் திரும்ப அந்தக் கையைத் தேடி வந்திருக்குதுகள். பொரிக்கு நெஞ்சு நல்லாச் சுகமான பிறகு மெல்லமாக முயற்சி செய்து பாருங்கோ.

முல்லைக்கொடி | மே 6, அதிகாலை 1.20

யாராவது விழித்திருக்கிறீர்களா? மருந்து முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. பதினொரு மணியிலிருந்து மின்சாரம் இல்லை, வீடு அடுப்பு போல் இருக்கிறது. பொரி வயிறு தரையில் பட நீட்டிப் படுத்திருக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே குழிகிறது. 160-க்கு மேல். காது சிவந்திருக்கிறது.

வால்நீளம் | மே 6, அதிகாலை 1.26

இருக்கிறேன். வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா? பாதமும் வாலும் நீலம் பாய்ந்திருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள். அதற்குள் இதைச் செய்யுங்கள்: எலிக்கு வியர்க்காது, வால் வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து வாலையும் பாதத்தையும் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், முக்கவும் வேண்டாம். மண்சட்டி இருந்தால் நனைத்துக் கவிழ்த்து அதன்மேல் துணி போட்டுப் படுக்க வையுங்கள். தரையில், கதவோரம். தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள்.

முல்லைக்கொடி | மே 6, அதிகாலை 1.55

வாய் மூடித்தான் இருக்கிறது. பாதம் ரோஸ் நிறமாகத்தான் இருக்கிறது. அம்மா பானையின் மூடியை நனைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள், அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. வெள்ளரிக்காயை நக்குகிறது. நான் வாலைத் துடைக்கிறேன், அம்மா விசிறியால் சுவரில் காற்று பட்டு வரும்படி விசிறுகிறார்கள். 140.

வால்நீளம் | மே 6, அதிகாலை 2.05

நல்லது. வாய் திறந்தாலோ நீலம் பாய்ந்தாலோ எந்த நேரமானாலும் ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் விடியும்வரை இப்படியே. நான் தூங்கப் போகவில்லை.

முல்லைக்கொடி | மே 7, மாலை 5.10

நேற்று காலையே மருத்துவரிடம் போனோம். சூடும், அடங்கியிருந்த நெஞ்சு நோயும் சேர்ந்துகொண்டதாம். அதே மருந்துகள் இன்னும் ஆறு வாரம். கூடவே நெபுலைசர். வீட்டில் தம்பி மகனுடையது இருந்தது, ஆனால் அதை எலிக்கு வைத்துவிட்டுத் திரும்பக் குழந்தைக்கு வைக்க மனம் ஒப்பவில்லை, தனியாக ஒன்று வாங்கிவிட்டேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சூடான கம்பியால் ஓட்டைகள் போட்டு, குழாயை உள்ளே விட்டு, வெறும் சலைன் மட்டும் பத்து நிமிடம், தினம் இரண்டு வேளை. முதல் நாள் மூலையில் ஒடுங்கியது. இன்று புகைக்குள் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறது.

வெந்நீர் ஆவி பிடிக்க வைக்கலாமா என்று கேட்டேன், கூடவே கூடாது என்றார். சின்ன உடம்பு, நொடியில் சூடேறிவிடும்.

மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கூண்டு இனி அம்மாவின் அறையில், அங்கேதான் ஏசி இருக்கிறது. அம்மாவே சொன்னார்கள்.

கொய்யாப்பழம் | மே 7, இரவு 7.30

படித்துக்கொண்டே வருகிறேன், பொரி நன்றாக இருக்க வேண்டும்.

முல்லைக்கொடி | ஜூன் 19, இரவு 9.00

ஆறு வாரம் முடிந்தது. எடை 251. மூச்சு 96. தும்மல் நாளைக்கு இரண்டு மூன்று, சிவப்பு காலையில் மட்டும் ஒரு துளி, அதையும் தானே துடைத்துக்கொள்கிறது. கால் சுத்தமாக ஆறிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். நான் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறது. கண்ணாடி முன் போய் உட்கார்ந்திருப்பதாக அம்மா சொல்கிறார்கள். இன்னொரு எலி வேண்டும் என்று தெரிகிறது. நெஞ்சு நோய் உள்ளதோடு நல்ல எலியைச் சேர்ப்பது பாவமில்லையா?

ஈரமண் | ஜூன் 19, இரவு 10.12

வரப்போகிற எலியிடமும் அந்தக் கிருமி ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் இதை வைத்து மட்டும் தயங்க வேண்டாம். பெண் எலியாகவே பாருங்கள். கடையில் ஆணோடு இருந்த பெண் என்றால் சினையாக இருக்கலாம், 21 முதல் 23 நாளில் குட்டி போட்டுவிடும். இரண்டு வாரமாவது வேறு அறையில், வேறு காற்றில் வையுங்கள். முதலில் பொரியைக் கவனித்துவிட்டு, அப்புறம் புதிது, அப்புறம் கை கழுவி உடை மாற்ற வேண்டும். பிறகு யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், உதாரணமாகக் காலியான குளியல் தொட்டியிலோ சோபாவிலோ, சேர்த்து விடுங்கள்.

வடகரை | ஜூன் 20, காலை 4.50

நான் வேற மாதிரி யோசிக்கிறன். பொரி இப்பதான் தேறியிருக்குது, இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் என்ன? புது எலி வந்தால் முதல் நாட்கள் சண்டையும் பதட்டமும் இருக்கும். எங்கட வீட்டில் சுகமில்லாத ஒன்றோட அவசரப்பட்டுச் சேர்த்து, மூன்றாம் நாளே மூச்சு இழுக்கத் தொடங்கினது. தனிமையும் வருத்தம்தான், அதை நான் மறுக்கேல்லை.

முல்லைக்கொடி | ஜூன் 20, இரவு 8.15

அண்ணா சொல்வது சரியென்று படுகிறது. இப்போதைக்கு நான் வேலையைவிட்டு வந்ததும் இரண்டு மணி நேரம் வெளியே விடுகிறேன். ஜூலை கடைசியில் பார்க்கிறேன்.

முல்லைக்கொடி | ஆகஸ்ட் 17, மாலை 6.40

இரண்டு வாரத் தனிவாசம் முடிந்து இன்று சேர்த்துவிட்டேன். வேளச்சேரியில் ஒருவர் கொடுத்த நான்கு மாதப் பெண், முழுப் பழுப்பு. அம்மா கடலை என்று பெயர் வைத்தார்கள்.

பழைய சோபாமேல் புதுத் துணி விரித்து விட்டேன். பொரி முதலில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் இடித்தது. கடலை மல்லாந்து படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கீச்சுக்கீச்சு. ரத்தக்காயம் எதுவுமில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் கடலையின் கழுத்தைப் பிடித்துப் பொரி முடி கோதிவிட்டுக்கொண்டிருக்கிறது, தனக்குப் பொருக்கு இருந்த அதே இடத்தில். இப்போது இரண்டும் வேட்டி மடிப்புக்குள். எண்ணினேன், 98.

கொய்யாப்பழம் | ஆகஸ்ட் 18, காலை 7.10

அக்கா, இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் நானும் ஒன்றைக் கொண்டுவந்தேன், குரோம்பேட்டையில் இருக்கிறேன். ஆண் எலி, 340 கிராம். நேற்றிலிருந்து மூச்சில் படபடப்பு. இன்று பதினொரு மணிக்கு மருத்துவரைப் பார்க்கிறேன். நெபுலைசர் சொன்னால் உடனே வாங்கக் கையில் காசு இல்லை.

முல்லைக்கொடி | ஆகஸ்ட் 18, காலை 7.18

வாங்க வேண்டாம். பொரிக்கு இப்போது வாரம் ஒரு தடவைதான், அதற்கும் அவசரமில்லை. மருத்துவர் வைக்கச் சொன்னால் சாயங்காலம் ஆறரைக்குத் தாம்பரம் ஸ்டேஷன், மேற்குப் பக்க டிக்கெட் கவுன்டர் அருகே நிற்கிறேன். குழாயையும் கிண்ணத்தையும் வெந்நீரில் கழுவிக் காயவைத்துக் கொண்டுவருகிறேன். ஓட்டை போட்ட டப்பாவும் தருகிறேன், உங்களுடையது ஆண் எலி என்பதால் சின்னதாக இருக்கும், இரண்டு அளவு பெரியதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அது படுத்த துணியைப் பெட்டிக்குள் போட மறக்காதீர்கள்.